சந்தை ஒரு மோசமான வாத்தியார்: இளவயதில் பங்கு வாங்குபவர்கள் உண்மையில் என்ன கற்கிறார்கள்?

2020 பிப்ரவரி 19 அன்று உச்சத்தில் இருந்த அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீடு (சுமார் ஐந்நூறு பெரிய நிறுவனங்களின் பங்கு விலைப் போக்கை ஒரே எண்ணாகக் காட்டுவது), மார்ச் 23க்குள் 34 சதவீதம் விழுந்தது. ஆகஸ்ட் 18 அன்று பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. விழுந்ததும் வேகம், எழுந்ததும் வேகம். இந்த இடைவெளியில்தான் பல நாடுகளில் ஊரடங்கில் வீட்டிலேயே இருந்த இளைஞர்கள் கூட்டங்கூட்டமாகப் பங்குக் கணக்கு தொடங்கினார்கள். அவர்களில் பலருக்கு முதல் ஆண்டு அனுபவம் ஒன்றுதான்: எதை வாங்கினாலும் ஏறியது. இறங்கினால் கூடக் கொஞ்சம் வாங்கிப் போட்டால் போதும், அடுத்த மாதம் லாபம்.

அப்புறம் 2022 வந்தது. எஸ் அண்ட் பி 500 ஏறத்தாழ 19 சதவீதமும், தொழில்நுட்பப் பங்குகள் நிறைந்த நாஸ்டாக் குறியீடு 33 சதவீதமும் சரிந்தன. 2020இல் வந்தவர் "பங்குச்சந்தை என்றால் ஏறும்" என்று கற்றிருந்தார். 2021 கடைசியில் வந்தவர் "பங்குச்சந்தை என்றால் சூதாட்டம்" என்று கற்றார். இருவர் அறிவிலும் பெரிய வித்தியாசம் இல்லை, உள்ளே வந்த மாதத்தில்தான் வித்தியாசம்.

இது தற்செயலாக நடக்கும் விஷயமில்லை. உல்ரிகே மால்மெண்டியர், ஸ்டெஃபான் நாகல் என்ற இரு பொருளியலாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதையே காட்டுகிறது. வாழ்நாளில் மோசமான சந்தையைப் பார்த்தவர்கள் பங்குகளில் இறங்கவே தயங்குகிறார்கள். அதிலும் அண்மையில் பார்த்தது அதிகமாகப் பாதிக்கிறது. இளையவர்களிடம் இந்தப் பாதிப்பு கூடுதல், ஏனென்றால் அவர்கள் பார்த்ததே கொஞ்ச காலம்தான்.

என் பார்வையில், இளம் முதலீட்டாளரின் பெரிய சிக்கல் அனுபவம் இல்லாதது அல்ல. கிடைக்கும் கொஞ்ச அனுபவம் தவறான பாடத்தைச் சொல்லித்தருவதுதான். மற்ற வேலைகளில் தப்புச் செய்தால் உடனே தெரியும். சந்தையில் அப்படி இல்லை. சரியாக யோசித்து எடுத்த முடிவு நஷ்டத்தில் முடியலாம், கண்ணை மூடிக்கொண்டு எடுத்த முடிவுக்கு இரட்டிப்பு லாபம் கிடைக்கலாம். விடைத்தாளைப் படிக்காமலே மதிப்பெண் போடும் வாத்தியார் அது. உண்மையான மதிப்பெண் வருவதற்குள் பல ஆண்டுகள் ஓடிவிடும்.

ஒரு சின்னக் கணக்கு. ஆயிரம் பேர் குருட்டாம்போக்கில் பங்கு வாங்குகிறார்கள், ஓர் ஆண்டில் சந்தைச் சராசரியை முந்த ஆளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டில் ஐந்நூறு பேர் முந்துவார்கள். தொடர்ந்து ஐந்து ஆண்டும் முந்தியவர்கள் சுமார் முப்பத்தொரு பேர் இருப்பார்கள். எந்தத் திறமையும் இல்லாமலே. அந்த முப்பத்தொரு பேரிடம் ரகசியம் என்னவென்று கேட்டால், ஆளுக்கு ஒரு விளக்கம் தயாராக வைத்திருப்பார்கள். அவர்களும் அதை நம்புவார்கள் என்பதுதான் வேடிக்கை. அப்படியானால் புதிதாக வந்தவரின் முதல் ஆறு மாத லாபத்தை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. நஷ்டத்தை வைத்தும்தான்.

முதல் லாபம் தரும் தன்னம்பிக்கை அடுத்து எங்கே போய் முடியும் என்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு. பிராட் பார்பர், டெரன்ஸ் ஓடியன் இருவரும் ஓர் அமெரிக்கத் தரகு நிறுவனத்தின் 66,465 குடும்பக் கணக்குகளை, 1991 முதல் 1996 வரை, அலசினார்கள். அந்தக் காலத்தில் சந்தை ஆண்டுக்கு 17.9 சதவீதம் தந்தது. அடிக்கடி வாங்கி விற்ற கூட்டத்துக்குக் கையில் மிஞ்சியது 11.4 சதவீதம். அவர்கள் தேர்ந்தெடுத்த பங்குகள் அத்தனை மோசமில்லை. கமிஷன், ஒரே நேரத்தில் சந்தையில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி, இவை இரண்டும் சேர்ந்து லாபத்தைத் தின்றுவிட்டன. அவர்களே 2001இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், ஆண்கள் பெண்களைவிட 45 சதவீதம் அதிகமாக வாங்கி விற்றதும், அதனாலேயே ஆண்களின் நிகர வருமானம் கூடுதலாக அடிபட்டதும் தெரியவந்தது.

இப்போது கமிஷனே இல்லையே என்று கேட்கலாம். 2019 அக்டோபரில் அமெரிக்காவின் பெரிய தரகு நிறுவனங்கள் பங்குகளுக்கான கமிஷனைப் பூஜ்யமாக்கின, வேறு நாடுகளிலும் கட்டணம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் கமிஷன் போனதோடு கையைக் கட்டிப்போட்ட ஒரு தடையும் போய்விட்டது. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி அப்படியே இருக்கிறது, வரியும் இருக்கிறது. குறுகிய காலத்தில் விற்றால் கூடுதல் வரி என்பது பல நாடுகளில் உள்ள விதி. கூடவே, இலவசமாகச் சேவை தரும் நிறுவனம் எப்படிப் பிழைக்கிறது என்றும் யோசிக்க வேண்டும். அமெரிக்காவில் சில செயலிகள், வாடிக்கையாளரின் ஆர்டரைப் பெரிய வர்த்தக நிறுவனங்களுக்கு அனுப்பிவைத்து அவற்றிடமிருந்து பணம் பெறுகின்றன. எத்தனை முறை நாம் பொத்தானை அழுத்துகிறோமோ அத்தனை வருமானம் அவர்களுக்கு. அப்படிப்பட்ட செயலிகளில் ஒன்றான ராபின்ஹூட்டில் சில தருணங்களில் திரையில் வண்ணக் காகிதத் துணுக்குகள் கொட்டும். விமர்சனம் கிளம்பிய பிறகு 2021இல் அதை எடுத்துவிட்டார்கள்.

அடுத்தது விற்கும் பழக்கம். லாபத்தில் இருக்கும் பங்கைச் சட்டென்று விற்பது, நஷ்டத்தில் இருப்பதை "விலை திரும்பி வரட்டும்" என்று வைத்திருப்பது. ஹெர்ஷ் ஷெஃப்ரின், மெய்ர் ஸ்டாட்மன் இருவரும் 1985இலேயே இதை விவரித்திருக்கிறார்கள். 1998இல் ஓடியன் பத்தாயிரம் கணக்குகளைப் பார்த்தபோது, மக்கள் விற்றுத்தள்ளிய லாபப் பங்குகள், விற்காமல் பிடித்துவைத்திருந்த நஷ்டப் பங்குகளைவிட அடுத்த ஓராண்டில் சராசரியாக 3.4 சதவீதப் புள்ளிகள் அதிகம் தந்திருந்தன. விற்க வேண்டியதை வைத்துக்கொண்டு, வைத்திருக்க வேண்டியதை விற்றிருக்கிறார்கள்.

இதற்குப் பின்னால் இருக்கும் மனக்கணக்கு எளிது. விற்காதவரை அது நஷ்டமில்லை என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் நாம் என்ன விலைக்கு வாங்கினோம் என்பது அந்தப் பங்குக்குத் தெரியாது, நிறுவனத்துக்கும் தெரியாது. இன்றைக்குக் கையில் இவ்வளவு பணம் இருந்தால் இதே பங்கை இதே விலைக்கு வாங்குவேனா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. இல்லை என்றால் வைத்திருக்கவும் காரணமில்லை. இன்னொரு கணக்கும் இதில் சேர்கிறது. 50 சதவீதம் விழுந்த பங்கு பழைய விலைக்குத் திரும்ப 100 சதவீதம் ஏற வேண்டும். 80 சதவீதம் விழுந்தால் 400 சதவீதம். விழுந்த பங்கை மேலும் மேலும் வாங்கி "ஆவரேஜ்" செய்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது எண்ணை நினைத்துப் பார்ப்பதில்லை. ஒரு குறியீட்டில் உள்ள எல்லாப் பங்குகளையும் சேர்த்து வாங்கும் குறியீட்டு நிதியை இறங்கும்போது வாங்கிச் சேர்ப்பது வேறு, தனி ஒரு நிறுவனத்தை அப்படிச் சேர்ப்பது வேறு. நிறுவனங்கள் நிரந்தரமாக அழிந்துபோகும்.

புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இன்னொரு இடம் பங்கின் விலை. 10க்கு விற்கும் பங்கு மலிவு, 5,000க்கு விற்கும் பங்கு விலையுயர்ந்தது என்று தோன்றும். மொத்தம் எத்தனை பங்குகள் இருக்கின்றன என்பதோடு பெருக்கினால்தான் நிறுவனத்தின் விலை தெரியும், அதை நிறுவனத்தின் லாபத்தோடு ஒப்பிட்டால்தான் மலிவா இல்லையா என்பது தெரியும். வாரன் பஃபெட்டின் பெர்க்ஷயர் ஹாத்தவே நிறுவனம் தன் ஏ வகைப் பங்கை ஒருமுறைகூடச் சிறு பங்குகளாகப் பிரித்ததில்லை. ஒரே பங்கின் விலை பல லட்சம் டாலர். அதனால் அது விலை அதிகமான நிறுவனம் என்று ஆகிவிடாது. சில்லறை விலைப் பங்குகளில்தான் வதந்தி கிளப்பி விலையேற்றி விற்றுவிட்டு ஓடும் வேலை அதிகம் நடக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கதைகளுக்கும் விலைக்கும் உள்ள உறவுக்கு, வீடியோ கேம் விற்கும் அமெரிக்கக் கடைத்தொடரான கேம்ஸ்டாப் நல்ல உதாரணம். 2021 ஜனவரி தொடக்கத்தில் 20 டாலருக்கும் கீழே இருந்த அந்தப் பங்கு, இணையக் குழுக்களின் உற்சாகத்தாலும், விலை இறங்கும் என்று பந்தயம் கட்டிப் பங்கை இரவல் வாங்கி விற்றிருந்த நிதிகள் அலறியடித்துத் திரும்ப வாங்கியதாலும், ஜனவரி 28 அன்று வர்த்தகத்தின் நடுவே 483 டாலரைத் தொட்டது. பிப்ரவரி 19 அன்று முடிவு விலை சுமார் 40 டாலர். இதில் ஒரு சிலர் பெரும் பணம் பார்த்தார்கள் என்பது உண்மை. ஆனால் ஒரு கதை நம் காதுவரை வந்து சேரும்போது விலையில் அந்தக் கதை ஏற்கெனவே ஏறியிருக்கும். செய்தித்தாளில் படித்து வாங்குபவர் 20இல் வாங்குவதில்லை, 300இல் வாங்குகிறார்.

சரி, கதையை விட்டுவிட்டு நிதானமாக ஆராய்ந்து நல்ல நிறுவனங்களாகத் தேர்ந்தெடுத்தால்? இங்கேதான் எனக்கு மிகவும் வியப்பூட்டிய புள்ளிவிவரம் வருகிறது. ஹெண்ட்ரிக் பெசெம்பைண்டர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், 1926 முதல் 2016 வரை அமெரிக்கச் சந்தையில் பட்டியலிடப்பட்ட சுமார் 26,000 பங்குகளைக் கணக்கிட்டார். அரசின் ஒரு மாதக் கடன் பத்திரத்தைவிட அதிகம் தந்த பங்குகள் பாதிக்கும் குறைவு. மொத்தச் சந்தை உருவாக்கிய நிகரச் செல்வம் முழுவதும் 4 சதவீத நிறுவனங்களிலிருந்து வந்தது. அதிலும் பாதிக்கு மேல், வெறும் தொண்ணூறு நிறுவனங்களிலிருந்து. மீதிப் பங்குகளை ஒன்றாகச் சேர்த்தால் கடன் பத்திரத்துக்குச் சமம்.

இதன் பொருளைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். சந்தைச் சராசரி உயர்ந்துகொண்டே போவதற்குக் காரணம் பெரும்பாலான பங்குகள் நல்லவை என்பதல்ல. ஒரு சில பங்குகள் பிரம்மாண்டமாக வளர்ந்து மற்றவற்றின் நஷ்டத்தை மூடிவிடுகின்றன. ஐந்தாறு பங்குகள் மட்டும் வைத்திருப்பவரிடம் அந்தச் சிலவற்றில் ஒன்றுகூட இல்லாமல் போகத்தான் வாய்ப்பு அதிகம். அப்படியே இருந்தாலும் கடைசிவரை வைத்திருப்பாரா? அமேசான் 1999 டிசம்பர் உச்சத்திலிருந்து 2001க்குள் 90 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. இன்று திரும்பிப் பார்த்து "அப்போதே வாங்கியிருந்தால்" என்பவர்கள், பத்தில் ஒன்பது பங்கு பணம் கரைந்த பிறகும் அசையாமல் உட்கார்ந்திருப்பார்களா என்ற கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதே காலத்தில் அதே அளவு விழுந்து திரும்பி வராமலே போன இணைய நிறுவனங்களின் பெயர்களும் இன்று யாருக்கும் நினைவில்லை.

எல்லாவற்றையும் சேர்த்து வாங்கும் குறியீட்டு நிதி என்ற யோசனை இங்கேதான் பொருள்படுகிறது. ஜான் போகிள் 1976இல் பொதுமக்களுக்கான முதல் குறியீட்டு நிதியைத் தொடங்கியபோது 15 கோடி டாலர் திரட்ட நினைத்தார், கிடைத்தது 1.13 கோடி. சராசரியோடு திருப்தியடைய யாருக்கு ஆசை வரும் என்று கேலி செய்தார்கள். ஆனால் செலவு போக அந்தச் சராசரியை நீண்ட காலம் முந்திய நிதி மேலாளர்கள் சிறுபான்மையே. தனிப்பங்கு வாங்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை வரிவரியாகப் படிக்க, நம் காசு அதில் இருப்பதைப்போல் தூண்டுதல் வேறில்லை. மொத்தச் சேமிப்பில் சிறு பகுதியை அதற்கு ஒதுக்கி, கற்றுக்கொள்ளக் கொடுக்கும் கட்டணமாக எண்ணிக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னது எந்த வயதினருக்கும் பொருந்தும். இளையவர்களுக்கே உரிய விஷயம் ஒன்று இருக்கிறது, அதைத்தான் அவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. வேலைக்குச் சேர்ந்து ஓரிரு ஆண்டு ஆனவரின் மொத்த முதலீடு மூன்று மாதச் சம்பளம் அளவு என்று வைத்துக்கொள்வோம். இரவு பகலாக ஆராய்ந்து சந்தையைவிட 10 சதவீதம் அதிகம் சம்பாதித்துவிட்டார். அது அசாதாரணமான சாதனை. கிடைத்தது எவ்வளவு? ஒன்பது நாள் சம்பளம். பக்கத்து இருக்கைக்காரர் எதையும் ஆராயவில்லை, மாதம் பத்தில் ஒரு பங்கு சம்பளத்தை எடுத்துவைத்தார். ஆண்டு முடிவில் அவரிடம் கூடுதலாகச் சேர்ந்தது முப்பத்தாறு நாள் சம்பளம். முதல் சில ஆண்டுகளில் செல்வத்தைத் தீர்மானிப்பது வருமான விகிதம் அல்ல, போடும் தொகை. முதலீடு பல ஆண்டுச் சம்பளமாக வளர்ந்த பிறகுதான் அந்த விகிதம் ஆட்டத்தை ஆளத் தொடங்குகிறது. திரையைப் பார்க்கும் நேரத்தைத் தொழில் கற்பதில் செலவிட்டுச் சம்பளத்தை உயர்த்திக்கொள்வது இந்த வயதில் பெரும்பாலும் கூடுதல் லாபம்.

இதிலிருந்தே இன்னொன்றும் வருகிறது. இளம் முதலீட்டாளர் இனிமேல்தான் நிறைய வாங்கப்போகிறவர். வாங்கப்போகிறவருக்கு விலை இறங்குவது நல்லதா, ஏறுவதா? மார்க்கெட் சிவப்பாக இருக்கும் நாளில் சோகமும் பச்சையாக இருக்கும் நாளில் கொண்டாட்டமும் ஓய்வு பெறப்போகிறவருக்குப் பொருந்தும். இன்னும் முப்பது ஆண்டு வாங்கப்போகும் ஒருவருக்குத் தொடக்க ஆண்டுகளின் சரிவு சாதகமானது.

ஆனால் இதை ஒரு மந்திரமாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் 29 அன்று 38,915 புள்ளிகளில் முடிந்தது. அந்த உச்சத்தை மீண்டும் தாண்டியது 2024 பிப்ரவரியில். முப்பத்து நான்கு ஆண்டுகள். இடையில் மாதாமாதம் வாங்கிச் சேர்த்தவர்களின் சராசரி விலை உச்சத்துக்கு வெகு கீழே இருந்திருக்கும் என்பதால் அவர்கள் நிலை அத்தனை மோசமில்லை. மொத்தப் பணத்தையும் 1989இல் போட்டவர் கதை வேறு. "நீண்ட காலம் வைத்திருந்தால் போதும்" என்பது ஒரே நாட்டின் சந்தையை நம்பியிருப்பவருக்கு உத்தரவாதம் இல்லை. நாடுகளிடையேயும் பரப்பிவைப்பதற்கான வாதம் இதுதான்.

சரிவில் சாதகம் கிடைக்க வேண்டுமானால் இன்னொரு நிபந்தனை: அந்த நேரத்தில் விற்க வேண்டிய கட்டாயம் இருக்கக் கூடாது. சிக்கல் என்னவென்றால் சந்தை விழும்போதுதான் வேலையும் போகிறது. சில மாதச் செலவுக்கான பணத்தைப் பங்குகளுக்கு வெளியே வைத்திருக்கச் சொல்வது இதனால்தான். அந்தப் பணத்துக்குக் குறைந்த வட்டி கிடைப்பதைக் குறையாகப் பார்ப்பவர்கள் உண்டு. அதன் வேலை வட்டி ஈட்டுவது அல்ல, மற்ற பணத்தைத் தொடாமல் காப்பது. வேலை செய்யும் நிறுவனத்தின் பங்கையே குவித்துவைப்பதும் இதே ஆபத்துதான், இன்னும் கூர்மையாக. அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரானின் பங்கு 2000 ஆகஸ்டில் சுமார் 90 டாலர். 2001 டிசம்பர் 2 அன்று நிறுவனம் திவால் மனு கொடுத்தது. ஊழியர்களின் ஓய்வூதியக் கணக்கில் பாதிக்கும் மேற்பட்ட பணம் அந்தப் பங்கிலேயே இருந்தது. சம்பளமும் சேமிப்பும் ஒன்றாகப் போயின.

கடன் வாங்கிப் பங்கு வாங்குவதையும் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் (பங்கோ குறியீடோ பின்னால் என்ன விலைக்குப் போகும் என்பதை வைத்துப் போடும் ஒப்பந்தங்கள்) வர்த்தகத்தையும் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை, எண்களே போதும். பிரேசிலில் பங்குக் குறியீட்டு ஃப்யூச்சர்ஸில் முந்நூறு நாளுக்கு மேல் தினசரி வர்த்தகம் செய்தவர்களை ஆராய்ந்தபோது 97 சதவீதம் பேர் நஷ்டத்தில் இருந்தார்கள். இந்தியாவில் பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று நிதியாண்டுகளில் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணம் இழந்தார்கள். சிறு முதலைச் சீக்கிரம் பெரிதாக்கும் ஆசை இளவயதில்தான் அதிகம், இந்தக் கருவிகள் ஈர்ப்பதும் அதனால்தான். கணக்கு அவர்களுக்கு எதிரானது. 100 ரூபாய் 10 சதவீதம் இறங்கி 10 சதவீதம் ஏறினால் 99 ஆகிறது. அதையே தினமும் இரண்டு மடங்காக்கித் தரும் நிதியில் 20 இறங்கி 20 ஏறினால் 96. சந்தை ஒரே இடத்தில் ஆடிக்கொண்டிருந்தால்கூடப் பணம் கரைகிறது.

தவறான பாடம் கற்காமலிருக்க வழி உண்டா? ஓரளவு உண்டு. வாங்கும் நாளிலேயே ஏன் வாங்குகிறோம், என்ன நடந்தால் விற்போம் என்று இரண்டு வரி எழுதிவைப்பது முதல் வழி. விலை எங்கே போனாலும் பின்னால் காரணத்தை மாற்றிச் சொல்ல முடியாது. காரணம் பொய்த்தும் விலை ஏறியிருந்தால் அது அதிர்ஷ்டம் என்று எழுத்தே காட்டிக்கொடுக்கும்.

இரண்டாவது, அளப்பது. பெரும்பாலான செயலிகள் முகப்பில் காட்டும் லாபச் சதவீதம் இப்போது கையில் இருக்கும் பங்குகளுக்கு மட்டுமே. நஷ்டத்தில் விற்றவை அந்தத் திரையிலிருந்து மறைந்துவிடும். நிறுவனம் தன் லாபத்திலிருந்து பங்குதாரருக்குத் தரும் டிவிடெண்டும் பல நேரம் அதில் சேராது. எந்தத் தேதியில் எவ்வளவு போட்டோம், எவ்வளவு எடுத்தோம் என்பதை ஒரு விரிதாளில் போட்டு, இன்றைய மதிப்பைக் கடைசி வரியாகச் சேர்த்து எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். (XIRR) சூத்திரத்தை ஓட்டினால் உண்மையான ஆண்டு வருமானம் தெரியும். அதே தேதிகளில் அதே தொகையைக் குறியீட்டு நிதியில் போட்டிருந்தால் என்ன வந்திருக்கும் என்பதைப் பக்கத்துப் பத்தியில் கணக்கிடலாம். டிவிடெண்டையும் சேர்த்த குறியீட்டு எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும், இல்லையென்றால் நாம் சற்றுக் கெட்டிக்காரராகத் தெரிவோம்.